அத்தை கிள்ளிய துரும்பு

என் வயசுச் சோட்டுக்காரிகளே, மூட்டுக்குத் தைலம் தேய்த்தாயிற்றா? அப்படியானால் காலை நீட்டி உட்கார்ந்து கேளுங்கள்.

போன வாரம் அருப்புக்கோட்டையில் என் பேத்தி படிக்கிற கல்லூரியில் ஒரு நாடகம் போட்டார்கள். பழைய சீமை நாடகமாம். உலகம் பூராவும் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். புருசன், பிள்ளைகள், வீடு வாசல் எல்லாம் இருக்கிற ஒருத்தி, கடைசியில் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விடுகிறாள். அந்தக் கதவுச் சத்தத்தோடு விளக்கை அணைத்துவிட்டார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஒரு பெண்ணுக்குத் தகப்பன் போலிருக்கிறது. "என்னம்மா இது, இப்பிடி மொட்டையா முடிச்சா எப்பிடி? அந்தப் பொம்பள எங்க போவா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முறைத்துவிட்டு எழுந்து போனார்.

சிரிக்காமல் என்ன செய்வது? எனக்கு அந்த நாடகம் தெரியும். எங்கள் ஊரில் நடந்திருக்கிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நானே அதில் நடித்திருக்கிறேன். எனக்கு இருந்தது ஒரே ஒரு வசனம். அதையும் நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை இந்த வயதிலும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கம். வானம் பார்த்த பூமி, கரிசல். அது பங்குனி மாதம். களத்தில் கொத்தமல்லி அடித்துத் தூற்றுகிற காலம். அந்த நாட்களில் ஊருக்குள் யார் வந்தாலும் முதலில் மல்லி வாசம் மூக்கில் ஏறும். அடுத்த தெருவில் மிளகாய் வற்றல் காயும், அங்கே தும்மல் வரும். பஸ்ஸை விட்டு இறங்கி அந்த மல்லி வாசத்துக்குள்தான் என் அத்தை, அப்பாவின் தங்கச்சி, ஒரு துணிப்பையோடு நடந்து வந்தாள். அவளைப் பந்தல்குடியில் கட்டிக்கொடுத்திருந்தது. வந்தவள் பையைக் கீழே வைக்காமலே, "மதினி, நான் இனிமே அங்க போக மாட்டேன்" என்றாள். அம்மா பையை வாங்கி உள்ளே வைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஏன் என்று எனக்கு முன்பே தெரியும். அதற்கு முந்தின முழுப்பரீட்சை லீவில் நான் பந்தல்குடிக்குப் போயிருந்தேன். மாமா தூத்துக்குடி ரோட்டு ஓரத்தில் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நல்ல கடை. எந்த ஊர் டிரைவரும் அங்கே வயிறாரச் சாப்பிட்டு ஏப்பம் விட்டுத்தான் வண்டியை எடுப்பான். ஆனால் வீட்டில் ஒரு குலுக்கை இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, மண்ணைக் குழைத்து ஆள் உயரத்துக்கு வனைந்து தானியம் கொட்டி வைப்பது. அதற்கு மரமூடி போட்டு, கொக்கி வைத்து, பித்தளைப் பூட்டுத் தொங்கவிட்டிருந்தார் மாமா. காலையில் திறப்பார், அன்றைக்கு வேண்டிய அரிசியைப் படியால் அளந்து முறத்தில் கொட்டுவார், பருப்பை உழக்கால் அளப்பார், பூட்டுவார், சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். நான் அத்தையிடம் நிலக்கடலை கேட்டேன். குலுக்கைக்கு உள்ளே பை பையாகக் கடலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், வாசம் அடித்தது. அத்தை பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு செம்பில் தண்ணீர் மோந்து கொடுத்தாள். அழவில்லை. அண்ணன் மகள் கேட்டு ஒரு கை கடலை கொடுக்க முடியாமல் நின்றாளே, அந்த முகம் இன்றைக்கும் எனக்கு மறக்காது.

இதைப் பெரியவர்களிடம் எப்படிச் சொல்ல? அப்பா மறுநாளே விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"அடிச்சாரா தாயி?"

"இல்லண்ணே."

"குடிச்சிட்டு வந்து ரகளை பண்ணுவாரா?"

"அவுக குடிக்க மாட்டாக."

"பொறகு?"

"பூட்டுறாக."

"எத?"

"குலுக்கைய."

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். நாட்டாமை காதுக்குப் போனபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அடியும் இல்ல, குடியும் இல்ல. பூட்டி வச்சா வீட்டுல சாமான் பத்தரமா இருக்குன்னுதான அர்த்தம்? இதுக்கா புருசன விட்டுட்டு வாரது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் ஊரில் கிணறு வெட்டினதும் பள்ளிக்கூடம் கொண்டுவந்ததும் அவர்தான். ஆனால் ஒரு பெண்ணுக்கு அடியும் குடியும் தவிர வேறு கஷ்டம் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது.

எங்கள் ஆட்களுக்குள் தீர்த்துக்கொள்வதற்கு ஒரு முறை உண்டு. கோர்ட்டு, வக்கீல் என்றெல்லாம் யாரும் போவதில்லை. அம்மன் கோயில் முன்னால் ஊர் கூட வேண்டும். புருசனும் பெண்டாட்டியும் நேரில் நிற்க வேண்டும். நான் உனக்கு இல்லை, நீ எனக்கு இல்லை என்று சொல்லி ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் போட்டால் தீர்ந்தது. கிள்ளின துரும்பு ஒட்டாது என்பார்கள். ஆண்கள்தான் கிள்ளுவார்கள். பெண் கிள்ளி யாரும் பார்த்ததில்லை. கிள்ளக் கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை.

அத்தைக்கு வேண்டியது அந்தத் துரும்புதான். ஆனால் மாமா ஊர்க்கூட்டத்துக்கு வரவே மாட்டேன் என்றார். ஆள் விட்டால், "எம் பொண்டாட்டிய எனக்கே குடுங்கன்னு நான் வந்து கைகட்டி நிக்கணுமா? அவளா வருவா" என்று சொல்லி அனுப்பினார். அவர் நேரில் நிற்காமல் கூட்டம் செல்லாது. கூட்டம் இல்லாமல் துரும்பு இல்லை. பங்குனிப் பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் தங்கச்சியைத் தானே பந்தல்குடி பஸ்ஸில் ஏற்றிவிடுவதாக அப்பா நாட்டாமையிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அத்தை அதைக் கேட்டுக்கொண்டே மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் டீச்சர் வந்து சேர்ந்தார். பாளையம்பட்டியில் இருந்து டவுன் பஸ்ஸும் மாற்று பஸ்ஸும் பிடித்து வருகிற சின்ன வயது டீச்சர். ஊர்ப் பெண்களை வைத்துப் பொங்கலுக்கு ஒரு சமூக நாடகம் போடலாம் என்றார். மதுரையில் படிக்கும்போது ஒரு சீமை நாடகம் பார்த்தாராம். இப்போது யோசித்தால், போன வாரம் நான் பார்த்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டுப் போனாள் என்று டீச்சர் கண் விரியச் சொன்னார். பெண்கள் எல்லாரும் அடுத்து என்ன என்று காத்திருந்தோம். டீச்சர், "அவ்வளவுதான்" என்றார்.

"கதவச் சாத்துனா என்ன டீச்சர்? ஆடு நுழைஞ்சிரும்னு சாத்திட்டு, கடைக்குப் போயிருக்கான்னு நெனச்சுக்கிருவாக" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். டீச்சருக்கு முகம் வாடிவிட்டது.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "இங்கன போறதுன்னா துரும்பு கிள்ளணும் டீச்சர். அப்பத்தான் எல்லாருக்கும் வெளங்கும்" என்றாள்.

அப்படித்தான் அந்த நாடகம் உருவானது. குலுக்கையைப் பூட்டி வைக்கிற ஒரு புருசன். அவன் பெண்டாட்டி. கடலை கேட்கிற ஒரு பிள்ளை. அது நான். டீச்சர் வாயால் சொல்லச் சொல்ல எல்லாரும் பாடம் பண்ணினார்கள். புருசன் வேசம் யாருக்குத் தெரியுமா? என் அம்மாவுக்கு. நல்ல உயரம், கட்டைக்குரல். அடுப்புக்கரியைக் குழைத்து மீசை வரைந்துகொண்டு, அதை அழிக்காமலே வீட்டுக்கு வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றுவாள். "என்ன சென்மமோ, மீசையோட சோறு போடுறா" என்று அப்பா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து குடிப்பார். அம்மா அந்த வேசத்தை அவ்வளவு ரசித்தாள். எங்கள் வீட்டுப் பூட்டு இல்லாத அஞ்சறைப் பெட்டியைக்கூட முறைத்து முறைத்துப் பார்த்துப் பழகினாள்.

நாட்டாமைக்குச் சேதி போனது. அவர் வந்து ஒத்திகையைப் பார்த்தார். தாடையைத் தடவினார். அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. பெரிய மனுசர்களுக்கு யோசனை வந்தால் ஊருக்குச் சனி பிடித்தது என்பாள் அம்மா.

"புருசன் வேசத்துக்கு எதுக்கு ஒரு பொம்பள? நெசப் புருசனே இருக்காருல்ல. கூட்டத்துக்குத்தான் வரமாட்டேங்காரு, நாடகம்னா வருவாரு. பந்தல்குடியில வேசம் கட்டி ஆடுன ஆளுதான? ரெண்டு பேரையும் ஆத்தா முன்னால ஒண்ணா நிக்க வைப்போம். கடசீல இவ துரும்பக் கிள்ளப் போவா, பிள்ள அழும், இவ மனசு மாறி அவரு கால்ல விழுவா. சூடத்தக் காட்டி மங்களம் பாடிருவோம். விடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போயிருவாக."

டீச்சர், "ஐயா, அது கதையையே மாத்துறதுங்க" என்றார்.

"டீச்சரம்மா, நீங்க சாயங்காலமானா பஸ் ஏறிப் போயிருவீக. நாங்க இந்த ஊருல குடியிருக்கணும்."

டீச்சர் அத்தையைப் பார்த்தார். அத்தை நாட்டாமை பக்கம் திரும்பினாள். "சரி சின்னய்யா, அவுகளையே வரச் சொல்லுங்க" என்றாள். வீட்டுக்கு வரும் வழியில், வேசம் பறிபோன ஆத்திரத்தில் அம்மா, "ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கத்தினாள். அத்தை, "அவுக வரட்டும் மதினி. வந்து நிக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். அம்மா நடப்பதை நிறுத்தி அவளைப் பார்த்தாள். அதற்குப் பிறகு திட்டவில்லை.

மாமா வந்தார். சந்தோசமாக வந்தார். நாட்டாமை சொன்னது சரிதான், பவுடர் வாசம் என்றால் அவருக்கு உயிர். டீச்சர் கதையைச் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டார். பொறுப்பான புருசன் வேசம் என்று அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் இதைப் பொய் சொல்லவில்லை. பூட்டுக்கு அட்டையில் செய்யலாம் என்று டீச்சர் சொன்னபோது, "அட்ட எதுக்கு?" என்று பைக்குள் கைவிட்டுத் தன் வீட்டுக் குலுக்கைப் பூட்டையே எடுத்துக் கொடுத்தார். குலுக்கையைத் தூக்கி வர முடியாது என்று தகர டிரம்மில் செம்மண் பூசி வைத்திருந்தோம். அதற்கு அந்தப் பூட்டைப் போட்டார்கள். உள்ளே அளப்பதற்குக் கொஞ்சம் அரிசி, அதோடு நிஜக் கடலை. மாமா தாராளமாக ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார், நாடகத்துக்காக.

எனக்கு வசனம் சொல்லிக்கொடுத்தது நாட்டாமை. "அம்மா, போகாத." அவ்வளவுதான். "நல்லா வயித்துல இருந்து கத்தணும் தாயி. நீ கத்துனாத்தான் அத்த குடும்பம் ஒண்ணு சேரும். எல்லாம் ஒன் கையிலதான் இருக்கு" என்று என் தலையைத் தடவினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. களத்துமேட்டில் போய்க் கத்திக் கத்திப் பழகினேன்.

பொங்கலின் கடைசி நாள், மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஓய்ந்து, வெயில் தாழ்ந்ததும் நாடகம். ராத்திரி மதுரை நாடகச் செட்டு வந்து விடிய விடிய ஆடும், அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள். இரண்டு மாட்டுவண்டிகளை அவிழ்த்துப் போட்டு, மேலே பலகை அடுக்கி மேடை. அம்மாவின் கல்யாணச் சேலைதான் படுதா. எதிரே அம்மன் கோயில் வாசல் திறந்திருந்தது. நாட்டாமை மைக்கைப் பிடித்து ஊதிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"ஆத்தா சாட்சியா, ஊரு சாட்சியா, இந்தப் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இன்னிக்கு ஒண்ணா வந்து நிக்கிறாக. இந்த மேடையில நடக்குறது ஊர்க்கூட்டத்துல நடந்ததுக்குச் சமம். யாரும் பெறகு மாத்திப் பேசக் கூடாது."

அத்தை படுதாவுக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் நின்ற அம்மா படுதா இடுக்கு வழியாக எங்களைப் பார்த்தாள்.

நாடகம் நன்றாகவே நடந்தது. மாமா படியால் அளந்து, தலை தட்டி, மிச்சம் இரண்டு அரிசியைத் திரும்ப உள்ளே போட்டுப் பூட்டினார். ஆண்கள் பக்கம் ஒரே கைத்தட்டல். நான் போய், "அம்மா, கடல குடும்மா" என்று கேட்டேன். அது வசனமா என்று கேட்காதீர்கள், அது எல்லாப் பிள்ளைகளும் கேட்பதுதான். அத்தை பூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். செம்பில் தண்ணீர் மோந்து கொடுத்தாள். பெண்கள் பக்கம் அதுவரை கசகசவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே அடங்கிவிட்டார்கள்.

பிறகு அத்தை இடுப்பில் சொருகியிருந்த வரகுவைக்கோல் துரும்பை எடுத்தாள். டீச்சர் சொல்லிக்கொடுத்த வசனத்தை அவள் பேசவில்லை.

"நான் ஒங்க வீட்டுல நாலு வருசம் ஒலை வச்சுச் சோறாக்குனேன். ஒரு நாளும் நானா அள்ளிப் போட்டு வைக்கல. நீங்க அளந்தத வச்சேன். எனக்கு எம்புட்டுப் பசிக்குதுன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஒரு நாளாவது கேட்டீகளா?"

மாமா திருதிருவென்று விழித்தார். இது பாடத்தில் இல்லை. அத்தை துரும்பை இரண்டு கையாலும் பிடித்தாள். முன்வரிசையில் நாட்டாமை என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினார். அழு, அழு, கத்து. துண்டை வேறு ஆட்டினார். நீங்கள் எல்லாரும் என்னை வாயாடி என்பீர்கள். என் வாழ்நாளில் நான் வாயைத் திறந்து செய்த காரியங்கள் நிறைய. ஆனால் அந்தச் சாயங்காலம் நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு நியாயம் தர்மம் எல்லாம் தெரியாது. நான் கத்தினால் அத்தை திரும்பவும் அந்தப் பூட்டு முன்னால் போய் நிற்பாள் என்று தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

"நான் ஒங்களுக்கு இல்ல. நீங்க எனக்கு இல்ல."

கிள்ளிப் போட்டாள். மைக்கில் அந்தச் சத்தம் விழவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது. மாமா அவள் வசனத்தை மறந்துவிட்டாள் என்றே நினைத்து, "கால்ல விழு, கால்ல விழு" என்று குசுகுசுத்தார். அத்தை நகரவில்லை.

கூட்டத்தில் பெரிய அமளி. நாட்டாமை மேடைமேல் ஏறினார். "இது நாடகந்தானப்பா, நாடகத்துல கிள்ளுனது எப்பிடிச் செல்லும்?" என்றார்.

அம்மா கீழே இருந்தே கேட்டாள். அந்தக் கட்டைக்குரல் மைக் இல்லாமலே ஊரெல்லாம் கேட்டது. "கூட்டத்துக்குச் சமம்னு மைக்குல சொன்னது யாரு சின்னய்யா? ஆத்தா சாட்சி, ஊரு சாட்சி, ரெண்டு பேரும் நேர்ல நிக்கிறாக. இன்னும் என்ன வேணும்? அவ கால்ல விழுந்திருந்தா மட்டும் நெசம், கிள்ளுனா நாடகமா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? நாட்டாமை மேடையில் நின்று கோயிலைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். மங்களத்துக்கு ஏற்றின சூடம் தட்டில் எரிந்துகொண்டிருந்தது. மங்களத்துக்குப் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்க வேண்டும். மாமா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். அத்தை பக்கத்தில் யாரும் இல்லை, நான்தான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அப்பா எழுந்து வந்தார். மறுநாள் பஸ் ஏற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்த அப்பா. வண்டிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, துண்டைத் தோளில் இருந்து எடுத்துவிட்டு, தங்கச்சி பக்கத்தில் வந்து நின்றார். "சூடம் அணையப் போகுது. காட்டுங்க" என்றார். என் அப்பாவை நினைத்தால் எனக்கு அந்த இடம்தான் முதலில் வரும். நாட்டாமையும் மனிதர்தான். "கிள்ளுனது கிள்ளுனதுதான்" என்று சொல்லிச் சூடத்தட்டை அவரே எடுத்துக் காட்டினார்.

மாமா வேசத்தைக் கலைக்காமல் பவுடர் முகத்தோடேயே கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார், சாவியையும் அரைஞாணோடு கொண்டு போய்விட்டார். டிரம்முக்குள் கடலை இருக்கிறதே என்று பிள்ளைகள் நாங்கள் சுற்றிச் சுற்றி வந்தோம். அத்தை வீட்டுக்குப் போய் அம்மிக்குழவியைத் தூக்கி வந்தாள். ஓங்கி ஒரு போடு. பித்தளைப் பூட்டு வாயைப் பிளந்துகொண்டது. முதல் கடலை எனக்குத்தான். ஒரு கை இல்லை, இரண்டு கையும் சேர்த்து அள்ளி என் பாவாடையில் கொட்டினாள். கொட்டிவிட்டு அப்புறம்தான் அழுதாள்.

பிறகு டீச்சர்தான் அவளைப் பாளையம்பட்டிக்குக் கூட்டிப்போய், பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு ஆக்குகிற வேலைக்குச் சேர்த்துவிட்டார். அங்கே எத்தனை பிள்ளைகள் அவள் கைச்சோறு தின்று வளர்ந்தார்கள் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. பஸ்ஸில் போனால் கண்டக்டர் எழுந்து இடம் கொடுப்பார், "ஆயா, பசிக்குதுன்னு கேட்டா ரெண்டாந்தரமும் சோறு போட்டது நீங்கதான்" என்பார். பெண் கேட்டு ஆள் வராமல் இல்லை. "வீட்டுல குலுக்கை இருக்கா?" என்று கேட்டே எல்லாரையும் அனுப்பிவிட்டாள். மாமாவும் வேறு கல்யாணம் செய்துகொண்டார். புதுப் பெண்டாட்டி வந்த பிறகு அவர் குலுக்கைக்குப் பூட்டுப் போடவில்லை என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். அதையும் என் அத்தை கணக்கில்தான் நான் எழுதுவேன்.

போன வாரம் கல்லூரி நாடகம் முடிந்த மறுநாள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பாளையம்பட்டிக்குப் போனேன். அத்தைக்கு இப்போது காது மந்தம், நடை தளர்ந்துவிட்டது, வாய் தளரவில்லை. பேத்தி தன் நாடகத்தைச் சத்தமாகச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு அந்தப் பெண் எங்கே போனாள் என்று எல்லாரும் கேட்கிறார்கள், எழுதியவரும் சொல்லவில்லை என்றாள்.

அத்தைக்கு அது ஒரு கேள்வியாகவே தெரியவில்லை. "எங்க போவா? பசிக்கும்ல. எங்கயாச்சும் ஒரு எடத்துல உக்காந்து, தனக்கு வேண்டியத தானே அள்ளிப் போட்டு ஒலை வைப்பா" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து, மூடியில்லாத அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். "சாப்டுட்டுத்தான் போகணும். எம்புட்டுத் தாயி பசிக்குது ஒனக்கு?" என்று பேத்தியிடம் கேட்டாள்.